பிரியமானவருக்கு ஒரு பூமரம்: எதைப் பார்த்து வாங்குவது

எங்களுக்குக் கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் என் மனைவிக்கு ஒரு கொன்றைக் கன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் பிறந்து வளர்ந்தது கேரளத்தில், புனலூரில். வீட்டில் தமிழ்தான் பேச்சு என்றாலும் விஷுக்கணி, அதாவது விஷு அன்று காலையில் முதலில் கண்விழித்துப் பார்க்கிற தட்டு, வைக்காத வருஷம் கிடையாது, தட்டில் வெள்ளரிக்காயும் கண்ணாடியும் காசும் எல்லாம் இருந்தாலும் கொன்னைப்பூ இல்லையென்றால் அது கணியே இல்லை என்பாள். செங்கோட்டைக்கு வாழ வந்தபிறகு அந்த ஒரு கொத்துப் பூவுக்காக வருஷாவருஷம் யாரிடமாவது கேட்டு நிற்க வேண்டியிருந்தது. சரி, நம் கொல்லையிலேயே ஒரு மரம் நிற்கட்டும் என்று ஒரு நர்சரிக்குப் போய் கொன்னை வேண்டும் என்றேன், எடுத்துக் கொடுத்தார்கள், நானும் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். அவள்தான் மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் வருஷம் பூத்தது, மஞ்சள் பூதான். ஆனால் கொத்து தொங்கவில்லை, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கொன்னை இல்லியே, காட்டை அழிக்கிற மஞ்சக்கொன்னைல்லா" என்றாள். முகம் வாடிப்போனது. வயநாட்டுக் காட்டிலும் முதுமலையிலும் பரவி, மற்ற செடிகொடிகளை வளரவிடாமல் செய்துகொண்டிருக்கிற அதே மரம். வெட்டினால் தூரிலிருந்து திரும்பத் துளிர்க்கும் என்பதால் கடப்பாரை போட்டு வேரோடு தோண்டி எடுத்தோம்.

அந்த மூன்று வருஷ நஷ்டம் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். செடி வளர்க்கிற மனைவிக்கோ கணவருக்கோ, கட்டிக்கொள்ளப் போகிறவருக்கோ பூமரம் கொடுப்பதைப் போல ஒரு பரிசு கிடையாது. ஆனால் மரம் சேலை மாதிரி இல்லை, பிடிக்கவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது.

பூவின் படத்தைப் பார்த்து மரத்தை முடிவு செய்யாதீர்கள். எல்லா மரமும் படத்தில் அழகாகத்தான் இருக்கும். உங்கள் ஆள் ஒரு நாளில் எந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்கிறார், எங்கே நிற்கிறார், பூவை என்ன செய்கிறார், இந்த மூன்றையும் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். கேட்க வேண்டாம், கவனித்தால் போதும். எந்த மரம் என்பது அதிலேயே பாதி முடிவாகிவிடும்.

விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்கிறவராக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், பவளமல்லி. ராத்திரி பூத்து, வெளிச்சம் வருகிறபோது உதிர்ந்து கிடக்கும், வெள்ளை இதழும் பவள நிறக் காம்புமாக முற்றம் முழுக்க. பொதுவாகக் கீழே விழுந்த பூவைச் சாமிக்குப் போடமாட்டோம், பவளமல்லிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்பார்கள். அதனால் காலையில் குனிந்து பொறுக்குவதே ஒரு சுகமான வேலையாகிவிடும். இதை ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிற ஆளுக்குக் கொடுத்தால் அவர் பார்ப்பது வாடிக் கிடக்கிற பூவைத்தான், அப்புறம் பெருக்குகிற வேலை வேறு. மரம் பெரிதாகப் போகாது, சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வைத்தால் போதும், சின்னக் கொல்லைக்கும் சரிப்படும். ஆவணியில் தொடங்கி மார்கழி வரை விட்டுவிட்டுப் பூக்கும், கன்று வைத்து இரண்டு மூன்று வருஷத்திலேயே பூ பார்த்துவிடலாம். ஆட்கள் நடக்கிற பாதைக்கு மேலே மட்டும் கிளை வரக் கூடாது, பூவை மிதித்து நடப்பது வளர்க்கிறவருக்குப் பொறுக்காது. மரத்தடியைச் சாணி மெழுகியோ சுத்தமாகப் பெருக்கியோ வைத்துக்கொண்டால் பொறுக்குவது எளிது.

தலையில் வைக்க, சாமி படத்துக்குப் போட என்று பூவைக் கையில் எடுக்கிற ஆள் என்றால் செண்பகம். குற்றாலத்தில் மெயின் அருவிக்கு மேலே ஏறினால் செண்பகாதேவி அருவி, அந்தப் பெயரே போதும், நம் மலையடிவாரத்துக்கும் இந்த மரத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல. ஆனால் இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, விதையில் முளைத்த கன்றா, ஒட்டுக் கன்றா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. விதைக் கன்று பூக்க எட்டுப் பத்து வருஷம்கூட ஆகும், பூத்தாலும் பனை உயரத்தில் பூத்துக்கொண்டு நிற்கும், பறிக்க ஆள் தேட வேண்டும். ஒட்டுச் செண்பகம் வைத்த ஓரிரு வருஷத்திலேயே, சில சமயம் நர்சரிக் கவருக்குள் இருக்கும்போதே பூத்துவிடும், கை எட்டுகிற உயரத்திலும் வைத்துக்கொள்ளலாம். விலை கூடத்தான். கொடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் தண்டின் அடியில் ஒரு முடிச்சு மாதிரித் தெரியும், அதற்குக் கீழே எது துளிர்த்தாலும் கிள்ளிவிட வேண்டும், விட்டால் அதுதான் வளரும், ஒட்டு செத்துப்போகும். தண்ணீர் தேங்குகிற இடத்தில் செண்பகம் நிற்காது, வயலை ஒட்டிய வீடு என்றால் மண்ணை மேடு கட்டி அதன்மேல் வையுங்கள்.

மகிழம் பொறுமைக்காரர்களுக்கு உள்ளது. மெதுவாகத்தான் வளரும், ஆனால் வருஷம் முழுக்கப் பச்சை குறையாத நிழல், நட்சத்திரம் போலச் சின்னஞ்சிறு பூ. அந்தப் பூ காய்ந்தபிறகும் வாசம் போகாது, கோத்துத் துணிப் பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள். மலையாளத்தில் இதற்கு இலஞ்ஞி என்று பெயர். தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சி என்று ஒரு ஊரே நமக்கு இருக்கிறது. வயதான தம்பதிகள் ஒருவருக்கொருவர் கொடுக்க இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியவில்லை, பேரன் பேத்தி பொறுக்குகிற பூவாக அது மாறும்.

இன்னொரு வழியும் உண்டு, கேரளத்தில் இதைப் பலர் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு ஜன்ம நட்சத்திரத்துக்கும் ஒரு மரம் சொல்வார்கள். அனுஷத்துக்கு இலஞ்ஞி, சதயத்துக்குக் கடம்பு, பூரத்துக்குப் பலாசு, அதாவது நம் புரசு. உங்கள் ஆளின் நட்சத்திரத்துக்குரியது பூமரமாக அமைந்துவிட்டால் அதைவிட நெருக்கமான பரிசு இல்லை. அமையாவிட்டால் வற்புறுத்தி வைக்க வேண்டாம், பரணிக்கு நெல்லியும் ரோகிணிக்கு நாவலும் வரும், அது பழத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு. கடம்பும் சீக்கிரமே பெரிய மரமாகிவிடும், தோப்பு இருந்தால்தான் அதற்கு இடம் காணும்.

ராத்திரி வேலையெல்லாம் முடிந்து வெளித் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் மரமல்லி. நீளக் காம்புள்ள வெள்ளைப்பூ, மழைக்காலம் முடிகிற ராத்திரிகளில் வாசம் தெருமுனை வரை வரும். ஆனால் அது உயரமாகப் போகிற மரம், கட்டை உறுதி கிடையாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கிளையை முறித்துக் கூரைமேல் போட்டுவிடும். வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி இடம் இருந்தால் மட்டும் வையுங்கள். வாசம் அங்கிருந்தும் வரும்.

அதே காற்றுக்காகத்தான் மயில்கொன்றையை, குல்மோகர் என்பார்களே அதை, வீட்டோரம் வைக்க வேண்டாம் என்கிறேன். மே மாதத்தில் தீப்பிடித்த மாதிரி நிற்கிற அழகைப் பார்த்து மயங்காதவர் கிடையாது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம் அது, வேர் மேலாகவே ஓடித் தரையைக் கிளப்பும், கிளை பட்டென்று ஒடியும். நாகலிங்கத்தில் பீரங்கிக் குண்டு போலக் கனத்த காய் அடிமரத்திலேயே தொங்கும், விழுந்து உடைந்தால் நாற்றம் வேறு, கோயில் வளாகத்துக்குத்தான் அது பொருத்தம். ஏழிலைப்பாலையின் வாசம் சிலருக்கு மயக்கமாக இருக்கும், சிலருக்குத் தலைவலி. போதாததற்கு மலையாளக் கதைகளில் யட்சி குடியிருப்பது பாலை மரத்தில், உங்கள் மாமியார் அந்தக் கதை கேட்டு வளர்ந்தவராக இருந்தால் அவர் மனசையும் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடும் உள்ள வீட்டில் அரளியும் தங்கஅரளியும் வேண்டவே வேண்டாம், இலை முதல் விதை வரை விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நடத்துகிற திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் இரண்டுமே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று நிறுத்தியதே அதனால்தான்.

இப்போது கொன்றைக்கு வருகிறேன், நான் சறுக்கிய இடம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், பேச்சில் இரண்டு பக்கத்துப் பெயர்களும் கலந்து கிடக்கும். ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் இருப்பதால் கெடுதல் இல்லை, ஒரே பெயருக்கு இரண்டு மூன்று மரம் இருப்பதுதான் சிக்கல். கொன்னை என்றால் சரக்கொன்றையும் வரும், மஞ்சக்கொன்னையும் வரும், பெருங்கொன்றை என்கிற இயல்வாகையும் வரும். செம்பகம் என்று கேட்டால் செண்பகமும் கொடுப்பார்கள், ஈழச்செம்பகம் என்கிற ஈழத்தலரியும் கொடுப்பார்கள். அதனால் விஷுவுக்கு வைக்கிற, கேரளத்தின் மாநிலப் பூவான கணிக்கொன்னை, சரக்கொன்றை என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள், கன்றின் பெயர் அட்டையில் காசியா பிஸ்டுலா என்கிற அறிவியல் பெயர் இருக்கிறதா பாருங்கள், அதோடும் நிற்காமல் இலையைப் பாருங்கள், அட்டை மாறலாம், இலை மாறாது. சரக்கொன்றை இலைக் காம்பில் நாலு முதல் எட்டு ஜோடி இலைதான் இருக்கும், ஒவ்வொன்றும் அகலமாக, நம் உள்ளங்கை நீளத்துக்கு வரும். மஞ்சக்கொன்னையில் பத்துப் பதினைந்து ஜோடி இருக்கும், ஒவ்வொன்றும் சின்னதாக, விரல் நீளத்தைத் தாண்டாமல். பெருங்கொன்றை இலை இறகு மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கும். பூத்த மரத்தைப் பார்க்க வாய்த்தால் இன்னும் எளிது, சரக்கொன்றை மட்டும்தான் சரம்சரமாகக் கீழே தொங்கும்.

சரக்கொன்றையை வெயில் நேராக விழுகிற இடத்தில் வையுங்கள், சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி. விதையிலிருந்து போட்டால் பூவுக்கு ஐந்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம், ஆகவே நாலடி வளர்ந்த கன்றாக வாங்குவது நல்லது. பூக்குமுன் இலை கொட்டி மரம் மொட்டையாக நிற்கும், இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், செத்துவிட்டதோ என்று அவர் கலங்கக் கூடாது. நீளக் காய்கள் கீழே விழும், அதன் சதை பேதியாக்கும், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து நர்சரிகளுக்குச் செடி பெரும்பாலும் வெளியூர் லாரியில் வருகிறது. திருச்சூர்ப் பக்கத்து மண்ணுத்தியும் ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியமும் நர்சரிகளுக்குப் பேர்போன இடங்கள். வந்து இறங்கிய அன்றைக்கே வாங்காதீர்கள், ஒரு வாரம் நம் வெயிலில் நின்று இலை உதிராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உயரத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். குச்சியில் கட்டி நிறுத்தி வைத்த எட்டடிக் கன்றைவிட, தானாக நிற்கிற நாலடிக் கன்று மேல், தண்டு கட்டைவிரல் கனம் இருந்தால் நல்லது. கவரைத் தூக்கி அடியைப் பாருங்கள். மெல்லிய வெள்ளை வேர் தெரிந்தால் சந்தோஷமாக எடுக்கலாம். தடித்த பழுப்பு வேர் கவருக்குள்ளேயே வட்டம் சுற்றியிருந்தால் அந்தக் கன்று அங்கே ரொம்ப நாள் கிடந்திருக்கிறது என்று அர்த்தம், மண்ணில் வைத்தாலும் அந்த வேர் சுற்றிக்கொண்டேதான் போகும், நாலைந்து வருஷம் கழித்து ஒரு காற்றில் சாய்ந்துவிடலாம். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள், நல்ல நர்சரிக்காரர் தானாகவே தூக்கிக் காட்டுவார்.

எங்கே வைப்பது என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யக் கூடாது. என்ன மரம் என்பது கடைசிவரை ரகசியமாக இருக்கட்டும், இடம் அவருடையது. தோட்டம் போடுகிறவர்கள் மனசுக்குள் ஒரு வரைபடம் வைத்திருப்பார்கள், இந்த மூலை கீரைக்கு, அந்த ஓரம் கறிவேப்பிலைக்கு என்று. நீங்கள் ஆசையாக நட்ட இடம் அவருடைய மிளகாய்ப் பாத்திக்கு நிழலாகிவிட்டால் பரிசே பாரமாகிவிடும். இரண்டாவது கன்றை நான் வாங்கி வந்தபோது முதல் கேள்வியே, "இதை எங்க வைக்கப் போறிய?" என்பதுதான். "நீ சொல்லு" என்றேன். மாலை முழுக்க மூலைக்கு மூலை நின்று பார்த்தாள், சமையல்கட்டு ஜன்னலில் இருந்து தெரிகிற இடமாகப் பார்த்துச் சொன்னாள். நான் கொல்லைக் கோடியில் வைத்திருப்பேன். அவர் சொல்கிற இடத்துக்கு மேலே கரண்ட் கம்பி போகிறதா, கீழே செப்டிக் டேங்க் இருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு தூரம், இவ்வளவைத்தான் நீங்கள் சரிபார்க்க வேண்டும்.

இடம் தெரிந்ததும் குழியை வெட்டிவிடுங்கள், கன்று வருகிற முன்னாலேயே. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மேல்மண்ணைத் தனியாக ஒரு பக்கம் போடுங்கள், அடிச் சரளை வேறு பக்கம். இரண்டு வாரம் குழி வெயிலில் ஆறட்டும். அப்புறம் மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் ஒரு கூடை, வேப்பம்புண்ணாக்கு இரண்டு கை, கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணியைப் போடாதீர்கள், வேர் வெந்துபோகும். கவருக்குள் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும், தண்டைப் புதைக்கக் கூடாது. ஒட்டுக் கன்று என்றால் ஒட்டு தரைக்கு மேலே நாலு விரல் நிற்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கன்றைவிட அந்தக் குழியைத்தான் என் மனைவி அதிகமாகச் சந்தோஷப்பட்டுப் பார்த்தாள். கடினமான மண், கடப்பாரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த உழைப்பின் கனம் தெரியும்.

மாதம் முக்கியம். கல்யாண நாள் சித்திரையில் வந்தால் அன்றைக்கே நட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கன்றை அன்று கொடுங்கள், நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளருங்கள், மழைக்கு நடுங்கள். புளியரை, மேக்கரை, பண்பொழிப் பக்கம் ஆனியில் சாரல் தொடங்கியதுமே வைக்கலாம் என்று சொல்வார்கள், மலையடியில் அது சரிதான். தென்காசியைத் தாண்டிக் கிழக்கே, கேரளத்துக்காரர்கள் சூரியகாந்தி பார்க்க வருகிற சுந்தரபாண்டியபுரம் போன்ற வெட்டவெளி ஊர்களில் ஆடி மாதம் மழையைவிடக் காற்றுதான் அதிகம். அங்கே ஐப்பசி மழைக்கு வைப்பதே நல்லது, ஆடிக்காற்று திரும்ப வருவதற்குள் எட்டு மாதம் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். எங்கள் வீட்டிலும் ஐப்பசிதான். கன்றை ஒட்டி இல்லாமல் ஒரு சாண் தள்ளிக் கம்பு நட்டு, சணல் கயிற்றை எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு கொஞ்சம் ஆடட்டும், ஆடினால்தான் உரம் ஏறும்.

முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் பயமில்லை. வட்டப்பாத்தி கட்டி, தேங்காய்க் கதம்பையைக் கவிழ்த்து அடுக்கி, மூன்று நாளுக்கு ஒரு தடவை இரண்டு குடம் தண்ணீர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதில் பிரயோஜனம் இல்லை, வேர் மேலேயே நின்றுவிடும். ஆடு வருகிற தெரு என்றால் கம்பி வலை போடாமல் நடவே நடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களும், கல்யாணம் நிச்சயமாகி இன்னும் எந்த ஊரில் குடித்தனம் என்று தெரியாதவர்களும் ஈழத்தலரியை யோசிக்கலாம். பெரிய தொட்டியில் வருஷக்கணக்காக நிற்கும், வீடு மாறினால் கூடவே வரும், சொந்த மண் கிடைத்ததும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். கிளையை வெட்டி ஒரு வாரம் நிழலில் போட்டுப் பால் வற்றியபின் நட்டாலே வேர்விடும், அவர் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த மரத்திலிருந்தே ஒரு கிளை கேட்டு வாங்கி வந்து கொடுக்கலாம். சில ஊர்களில் இதைக் கல்லறைத் தோட்டத்தில்தான் வைப்பார்கள், எதிர்வீட்டில் பேச்சு வரும், அதை மட்டும் முன்னாலேயே அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கன்று முதல் வருஷத்திலேயே பட்டுப்போவதும் உண்டு. உடனே ஓடிப்போய் இன்னொன்று வாங்கி அதே குழியில் வைக்காதீர்கள். தோண்டி வேரைப் பாருங்கள், அழுகியிருந்தால் தண்ணீர் தேங்குகிறது, மண் பூசி அரித்திருந்தால் கரையான், காய்ந்து சுருண்டிருந்தால் தண்ணீர் எட்டவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த ஐப்பசிக்கு அதே மரத்தையே வாங்கிக் கொடுங்கள், வேறு மரத்துக்கு மாற வேண்டாம், அவர் அதற்குள் அந்தப் பூவை எதிர்பார்க்கத் தொடங்கியிருப்பார்.